சிவப்புச் சீட்டு ஒட்டிய தில்பசந்த்

எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஆணியில் ஓர் அட்டைப்பெட்டியின் மூடி தொங்கிக்கொண்டிருந்தது. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நாங்கள் வழக்கமாகப் போகும் பேக்கரியின் பெட்டி. நெய் ஊறி அட்டை கறுத்திருந்தது. ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த தேங்காய்ப்பூவை இரண்டு எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. மூடியின் நடுவில் ஒரு சிவப்புச் சீட்டு.

சீட்டில் இருந்தது என் மகள் மெர்சியின் கையெழுத்து. அப்போது அவள் பத்தாம் வகுப்பு. ‘பொருள்: ஞாயிறு பேக்கரி. காரணம்: தேவையில்லை’ என்று எழுதியிருந்தாள்.

ஈரத் தலையில் பின்னல் போட்டு, யூனிஃபார்மோடு அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டுக்காகத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

“நல்லா கண்டுபுடிச்சிருக்க கண்ணு” என்று தோளில் தட்டிக் கொடுத்தேன்.

அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்த மெர்சி இப்போது பூனாவில் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தது. ஆனால் வரவில்லை என்று போனில் சொன்னாள். அவள் சொன்ன காரணத்தைக் கேட்டதும் எனக்கு அந்த ஆணிதான் ஞாபகம் வந்தது. அதனால் இந்தப் பத்தியில் வாரா வாரம் எழுதிவரும் கம்பெனி பஸ் கதையை இந்த வாரம் நிறுத்திவைக்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் அது நிம்மதி. போன வாரம் எழுதியதில் அவர் பஸ்ஸில் தூங்கிக் கடைசி ஸ்டாப்புக்குப் போன கதை வந்துவிட்டதாம், டீக்கடையில் கேலி செய்கிறார்களாம்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

சிவப்புச் சீட்டு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். ஓசூரில் ஏதாவது ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் வண்டிகளுக்குள்ளே போகிற ரப்பர் வளையங்கள் செய்கிறோம். நான் செக்கிங்கில் இருக்கிறேன். வளையங்கள் வந்துகொண்டே இருக்கும். நல்லதைப் பச்சை டிரேயில் போடுவேன். சந்தேகமானது மஞ்சள், அதை நிறுத்திவைத்து அப்புறம் மறுபடி பார்க்கவேண்டும். உதவாதது சிவப்பு. இத்தனை வருஷம் இதையே செய்தால் மனிதர்களைப் பார்த்தாலும் டிரேதான் ஞாபகம் வரும். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை வீட்டாரை மனசுக்குள் மூன்று டிரேயில் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

இது தவிர, எப்போதாவது ‘ரெட் டேக்’ நாள் ஒன்று வரும். கம்பெனிக்குள் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிற சாமான்களில் எல்லாம் சிவப்புச் சீட்டு கட்டி, மஞ்சள் கோடு போட்ட ஒரு மூலையில் கொண்டுபோய் வைப்பார்கள். ஒரு மாதம் அங்கே கிடக்கும். அதற்குள் யாராவது வந்து ‘இது எனக்கு வேணும்’ என்று வாயால் கேட்கவேண்டும். சீட்டின் பின்பக்கம் காரணம் எழுதவேண்டும். மேனேஜர் ஒத்துக்கொண்டால் பொருள் திரும்பக் கிடைக்கும். யாரும் கேட்காவிட்டால் ஸ்கிராப் வண்டியில் போய்விடும்.

ஒரு தடவை டூல் ரூம் முனியப்பண்ணனின் மர ஸ்டூலுக்குச் சீட்டுக் கட்டிவிட்டார்கள். ஒரு கால் ஆடும் ஸ்டூல். அண்ணன் பதறிப்போய் ஓடி வந்தார். “எனக்கு வேணுமுங்க” என்றார். காரணம் எழுதச் சொன்னார்கள். ‘இதில் உட்கார்ந்தால்தான் எனக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும்’ என்று எழுதினார். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். மேனேஜரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

“யாராச்சும் வேணும்னு கேட்டா அது வேஸ்ட் இல்லம்மா. கேக்க ஆள் இல்லாததுதான் வேஸ்ட்” என்றார் எங்களைப் பார்த்து. சட்டம் அவ்வளவுதான்.

சென்ட் வாசனையோடு நடந்தது

என் அப்பா கிருஷ்ணகிரிப் பக்கம் தோப்பு தோப்பாக மாங்காய் பறிக்கப் போனவர். சீசனில் கையில் காசு இருக்கும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் கறி வாசனைதான். புதுப் பாவாடை, ரிப்பன், கிருஷ்ணகிரியில் சினிமா, எல்லாம் உண்டு. சீசன் முடிந்ததும் அம்மா ராகி மாவை அளந்து போட ஆரம்பித்துவிடுவாள். நடுவில் என்ன நடந்தது என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை. மழை வருவதும் நிற்பதும் போல அதுவும் தானாக நடக்கிறது என்றே நினைத்திருந்தோம்.

அப்படியே ஓசூருக்கு வேலைக்கு வந்துவிட்டேன். மூக்கண்டப்பள்ளியில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு ரூம். முதல் சம்பளம் வந்த அன்று ஒரு ஹேண்ட்பேக், ஒரு பாட்டில் சென்ட், ஸ்டுடியோவில் தனியாக ஒரு போட்டோ. பாதி மாதத்திலேயே பஸ்ஸுக்குக் காசில்லை. மார்கழிப் பனியில், உடம்பெல்லாம் சென்ட் மணக்க, கம்பெனி வரைக்கும் நடந்தே போனேன். நாய்கள்கூட மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தன.

என் பிள்ளைகள் இப்படி நடக்கக்கூடாது என்று அந்த ரோட்டில்தான் முடிவு செய்தேன். கல்யாணமே ஆகாதபோது பிள்ளைகளைப் பற்றி முடிவு செய்கிற ஆள் நான்.

வீட்டுக்குள் வந்த கம்பெனி

மெர்சிக்குப் பதினாலு வயசானபோது ஒரு சம்பள நாளில் ஆரம்பித்தேன். அவள் தம்பி ஜெரிக்குப் பன்னிரண்டு. பாகலூர் ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் கடையில் சின்ன டிரேக்கள் வாங்கிவந்தேன். ஆளுக்கு மூன்று. பச்சை, மஞ்சள், சிவப்பு.

“பஸ்ஸு, தீனி, நோட்டு, ரீசார்ஜு, எல்லாத்துக்கும் சேத்து மாசம் ஒரு தடவதான் குடுப்பன். நடுவுல வந்து நின்னா கெடைக்காது” என்றேன்.

“தீந்துபோச்சுன்னா?” என்றான் ஜெரி.

“தீந்துபோச்சுன்னு தெரிஞ்சுக்கோ.”

ஏதாவது ஆசைப்பட்டால் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மஞ்சள் டிரேயில் போடவேண்டும். ஒரு வாரம் கிடக்கட்டும். அதற்கப்புறமும் ஆசை இருந்தால் பச்சைக்கு வரும், வாங்கிக்கொள்ளலாம். இது ஒரு சட்டம். வீட்டில் எந்தச் செலவு வேண்டாதது என்று பட்டாலும் யார் வேண்டுமானாலும் சிவப்புச் சீட்டு எழுதி ஆணியில் மாட்டலாம், அது அப்பா அம்மா செலவாக இருந்தாலும் சரி. இது இன்னொரு சட்டம். கம்பெனியில் மாதிரியே ஒரு மாதம் பொறுத்திருப்போம். வேணும் என்று கேட்கிறவர் காரணம் சொல்லவேண்டும். மேனேஜர் நான்.

ஜெரி முதல் வாரமே ஒரு சீட்டு மாட்டினான். ‘பொருள்: டியூஷன். காரணம்: புரியவில்லை.’ என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனி குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். சீட்டைத் திருப்பி, ‘எனக்கு வேணும். இவன் அப்பன் எட்டாவது’ என்று எழுதினார். உடனே ஒத்துக்கொண்டேன்.

ஜெரிக்குக் கொடுத்த காசு முதல் வாரத்தைத் தாண்டியதே இல்லை. மோமோ, பானிபூரி, யாருக்கோ பிறந்தநாள் கேக். போனில் ஸ்கேன் பண்ணிவிட்டால் காசு போவதே தெரிவதில்லை என்று, நோட்டும் சில்லறையுமாகக் கையில் கொடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் போனது. ஆனால் பையன் வாடவில்லை. மாதக் கடைசியில் அவனுக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள். ஒருவன் வண்டியில் பள்ளிக்கூடம், இன்னொருவன் டிபன் பாக்ஸில் சாப்பாடு. திட்டவும் வாய் வராது, சிரித்துவிடுவேன்.

மெர்சி வேறு மாதிரி. ஒரு ஷூவுக்கு ஆசைப்பட்டு எழுதி மஞ்சளில் போட்டாள். அடியில் லைட் எரியாத, சாதாரண வெள்ளை ஷூதான். தினமும் டிரேயை எட்டிப் பார்ப்பாள். ஒரு வாரம் ஆனதும் நானே கேட்டேன், “ஷூ என்னாச்சு கண்ணு?”

“கிழிச்சுப் போட்டுட்டம்மா. பழசே இன்னும் ஓடும்” என்றாள்.

அதை கேன்டீனில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. “பதினாலு வயசுல பாருங்க” என்று ஆரம்பிப்பேன். மற்ற பெண்கள் அவரவர் வீட்டுப் பெண்களைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். எனக்குச் சாப்பாடு இரண்டு கவளம் கூடவே இறங்கும்.

போகப் போக அவள் மஞ்சள் டிரே காலியாகவே கிடந்தது. தூசி படிந்தால் நான்தான் துடைத்துவைப்பேன்.

நாலு ஸ்டூல்

பேக்கரியைப் பற்றிச் சொல்லாமல் வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில், ஹாசன் பக்கத்துக்காரர் ஒருவர் நடத்துகிற கடை. எங்கள் ஊரில் பேக்கரி என்றாலே பெரும்பாலும் கன்னடக்காரர்கள்தான். கடைக்கு வெளியே நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். நாங்களும் நாலு பேர். அதனாலேயே அது எங்கள் கடை என்று எனக்கு ஓர் எண்ணம்.

காலைப் பூசை முடிந்து போகும்போது அப்போதுதான் அடுப்பிலிருந்து தட்டுகள் வரும். ரோட்டைத் தாண்டும்போதே வெண்ணெய் வாசனை வந்துவிடும். “ஏனம்மா, சென்னாகிதீரா?” என்று கன்னடத்தில் நலம் விசாரித்தபடியே அவர் ஒரு தில்பசந்தை எடுத்து வெட்டுப்பலகையில் வைப்பார். தில்பசந்த் தெரியாதவர்களுக்காக: வட்டமாக, மேலே பொன்னிறமாக இருக்கும். உள்ளே சர்க்கரையும் தேங்காயும் டூட்டி ஃபுரூட்டியும். சூடாக இருந்தால் வெட்டும்போதே ஆவி வரும்.

அவர் அதை மூன்றாக வெட்டுவார். கேட்கவே மாட்டார். என் வீட்டுக்காரருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. எனக்கு டீ மட்டும்.

“எனக்கு இனிப்பு ஆவாது” என்று முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். அது பொய். தில்பசந்த் என்றால் எனக்கு உயிர். தியாகம் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம், அந்த மாதிரி ஆள் இல்லை நான். நாலு பேரில் ஆசையை அடக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று அந்த ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருவதில் ஒரு சுகம் இருந்தது. தில்பசந்தை விட அது ருசியாக இருந்தது என்றே சொல்லலாம். அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே டீயை மெதுவாகக் குடிப்பேன். மெர்சி உதிர்ந்த தேங்காய்ப்பூவை விரலால் ஒற்றி எடுத்துத் தின்பாள்.

அந்தப் பேக்கரிக்குத்தான் அவள் சீட்டு மாட்டினாள்.

ஜெரி உடனே ஓடி வந்தான். “எனக்கு வேணும்! காரணம், பசிக்குது!”

“பசிக்கு வீட்டுல இட்லி இருக்குது. ரிஜெக்ட்” என்றேன்.

என் வீட்டுக்காரர் ஆணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீ என்னா சொல்ற?” என்றார்.

“புள்ள சரியாத்தான் சொல்லியிருக்குது.”

ஒரு மாதம் அந்த மூடி ஆணியில் தொங்கியது. பிறகு நானே எடுத்து, மடித்து, பழைய பேப்பர் பையில் போட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம். மிஞ்சியதை மெர்சியின் டிப்ளமோவுக்கு என்று எடுத்துவைத்தேன். பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் எடுத்துவைக்கும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

அதே வீடு, அதே அம்மா

டிப்ளமோ முடித்தாள், பூனாவில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். எவ்வளவு சுருக்கமாக எழுதிவிட்டேன். நடந்ததும் இதே வேகத்தில்தான்.

அங்கே போன கொஞ்ச நாளில் ஒரு போட்டோ அனுப்பினாள். அவள் தங்கியிருக்கும் பிஜி ரூமில் ஜன்னல் விளிம்பில் மூன்று டிரே. பச்சை, மஞ்சள், சிவப்பு. புதுசாக வாங்கியிருக்கிறாள். செக்கிங் லைனில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் காட்டினேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எதற்கு அழுதேன் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

கோயம்புத்தூரிலிருந்து பூனா போகிற பஸ்கள் எங்கள் ஊர் மேம்பாலத்தின் மேல்தான் போகின்றன. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது சில நாள் அந்தப் பஸ் எங்களைத் தாண்டிப் போகும். ஜன்னலில் எல்லாம் திரை இழுத்திருக்கும். அத்திப்பள்ளிப் பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் பார்ப்பேன். அவளுக்கு அனுப்ப எதையாவது அதில் ஏற்றிவிட்டது போலவும், என்ன ஏற்றினேன் என்று மறந்துவிட்டது போலவும் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பேசுவோம். என்ன சமைத்தாய், குளிர் எப்படி, தம்பி பாஸ் பண்ணுவானா. நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், “எந்தத் தேதிக்கு டிக்கெட் போட்ட?”

“போடலம்மா. அந்த வாரம் டிக்கெட் மூணு மடங்கு. ஜனவரி கடைசில வந்தா ஒரு மடங்குதான். அதே வீடு, அதே அம்மா. என்னாத்துக்கு வேஸ்ட் பண்ணணும்?”

கணக்கு சரி. ஒரு பிசிறு இல்லை. நான் சொல்லிக்கொடுத்த கணக்கு.

“சரி கண்ணு. நல்லா யோசிச்சிருக்க” என்றேன். போனை வைத்ததும் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“நான் காசு போட்டு உடறன்னு சொல்லட்டா?” என்றார்.

“அது அவ செலவுங்க. நாம நடுவுல போவக்கூடாது.”

“காச விடு. வான்னு சொன்னா வராதா புள்ள?”

“ஞாயமா ஒரு காரணம் சொல்லியிருக்கா. நான் என்ன சொல்லி வரச்சொல்றது?”

அவர் டிவி சத்தத்தை மறுபடி கூட்டிக்கொண்டார்.

டிசம்பர் வந்தது. ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியாது. பைப்புத் தண்ணியில் கை வைத்தால் விரல் எல்லாம் இழுக்கும். தெருவில் ஸ்டார் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஸ்டாரை மெர்சிதான் கட்டுவாள், ஒயர் எங்கே, பல்பு எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினேன். ஒயரை எட்டுப் போலச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ‘ஓகே’ என்று பச்சைச் சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். பெட்டியை மூடி மறுபடி பரண் மேலேயே வைத்துவிட்டேன். கட்டுவதற்குக் கை வரவில்லை.

ஜெரி கிருஷ்ணகிரியில் காலேஜ் படிக்கிறான். ஹாஸ்டல். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்பான்.

“ஏன்டா, வாரா வாரம் வந்து போறதுக்கு எவ்ளோ ஆவுதுன்னு கணக்குப் பாத்தியா?” என்று ஒரு வெள்ளிக்கிழமை எரிந்து விழுந்தேன்.

“பாக்கலம்மா. வரணும்னு தோணுச்சு, வந்துட்டன்” என்றான். தட்டில் சாதத்தைப் போட்டுக்கொண்டே சொன்னான், அது பெரிய விஷயமே இல்லை என்பது போல.

அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் கற்றுக்கொள்ளாத பிள்ளை வீட்டில் இருக்கிறது. எல்லாம் கற்றுக்கொண்ட பிள்ளை பூனாவில் இருக்கிறது.

எனக்கு வேணும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வீட்டுக்காரரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, பேக்கரிக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். ஏன் அங்கே போய் நின்றேன் என்று தெரியாது. ஸ்டூல்களில் யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வெண்ணெய் வாசனை ரோட்டைத் தாண்டி வந்தது. போனை எடுத்தேன்.

“சொல்லும்மா. பூசை முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு. மெர்சி, கிறிஸ்துமஸ் டிக்கெட்டுக்கு ரெட் டேக் போட்டுட்ட இல்ல?”

அவள் சிரித்தாள். “ஆமா, போட்டுட்டன்.”

“ஒரு மாசம் ஆயிருச்சா?”

“இன்னும் ஆவல. ஏம்மா?”

“எனக்கு வேணும்” என்றேன்.

அவள் ரூமில் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“காரணம் சொல்லணும்மா” என்றாள். குரலில் சிரிப்பு போயிருந்தது.

முந்தின நாளெல்லாம் யோசித்து இரண்டு மூன்று காரணம் வைத்திருந்தேன். ஸ்டார் கட்ட ஆள் இல்லை. குடில் வைக்க வேண்டும். அத்தை உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு என்றாள். அத்தனையையும் விட்டுவிட்டேன்.

“உன்னப் பாக்கணும் கண்ணு. வேற ஒண்ணுமில்ல. ஜனவரி வரைக்கும் என்னால முடியாது.”

சொல்லிவிட்டுப் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஆட்டோவைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டில் நின்று அழுதால் நாலு பேர் என்ன என்று கேட்பார்கள் என்கிற பயம் வேறு.

“அம்மா, பேக்கரி மூடிய ஆணியில மாட்டுனனே, ஞாபகம் இருக்குதா?” என்றாள் மெர்சி.

“அத எப்பிடி மறப்பன்?”

“நீ வாரா வாரம் வெறும் டீய வெச்சிக்கிட்டு எங்க வாயவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. எனக்கு உள்ள எறங்கவே எறங்காதும்மா. ஒரு தடவ கூட ஒரு துண்டு எடுத்துக்கல நீ. சீட்டு போட்டா, எனக்கு வேணும்னு வந்து கேப்பன்னு நெனச்சன். கேட்டுட்டீன்னா அப்புறம் நீயும் தின்னுதான ஆவணும். நீ என்னடான்னா நல்லா கண்டுபுடிச்சிருக்கன்னு தட்டிக் குடுத்துட்ட. அப்புறமும் ஒரு மாசம் பாத்தன், நீ கேக்கவே இல்ல.”

அடுப்படி வாசலில், ஈரத் தலையோடு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்ற பெண் கண்முன் வந்தாள். இத்தனை வருஷம் அவள் எதற்காக நின்றாள் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

“அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல” என்றேன்.

“நீதான கேக்கணும்? அதான சட்டம்.”

எதிரே பேக்கரிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, கத்தியோடு கையைத் தூக்கி ஆட்டினார்.

“அப்ரூவ்டும்மா” என்றாள் மெர்சி. மூக்கு அடைத்த குரல். “மூணு மடங்குன்னாலும் சரி, போட்டுடறன்.”

அஞ்சு துண்டு

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை மேம்பாலம் இறங்குகிற இடத்தில் நாங்கள் மூன்று பேரும் நின்றோம். பனியில் பஸ்ஸின் விளக்குதான் முதலில் தெரிந்தது. இறங்கினாள். இளைத்திருந்தாள். தோளில் ஒரே ஒரு பை, காலில் வெள்ளை ஷூ, புதுசு. என்னைக் கட்டிக்கொண்டபோது ஸ்வெட்டரில் வேற்றூர் சோப்பு வாசனை வந்தது. அந்த வாசனை போகிற வரைக்கும் விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தேன். “அம்மா, மூச்சு முட்டுது” என்றாள்.

திரும்பிப் போகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிட்டாளாம். சேர்த்து எடுத்தால் கொஞ்சம் குறைவாம். அதைக் கேட்டு எனக்குப் பெருமையாகவும் இருந்தது, விரலை மடக்கி நாளை எண்ணவும் வைத்தது. இன்னும் நாலே நாள். இனி எப்போதும் இப்படித்தான், அவள் வரும்போதே போகிற தேதியோடுதான் வருவாள். இதற்குச் சீட்டு எதுவும் கிடையாது.

“வீட்டுக்கு அப்புறம் போவலாம்” என்று சொல்லி மெர்சி முன்னால் நடந்தாள். எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை.

நாலு ஸ்டூலும் காலியாக இருந்தன. பேக்கரிக்காரருக்குத் தலை நரைத்துவிட்டது. எங்கள் நாலு பேரையும் பார்த்ததும் “அரே, ஏனம்மா!” என்று கூவிவிட்டார். உடனே தட்டிலிருந்து ஒரு தில்பசந்தை எடுத்துப் பலகையில் வைத்து, பழக்கதோஷத்தில் மூன்றாக வெட்டக் கத்தியை வைத்தார்.

“அண்ணா, இருங்க” என்றாள் மெர்சி. “அஞ்சா வெட்டுங்க. அம்மாக்கு ரெண்டு.”

அஞ்சாக வெட்டுவது அவருக்குச் சிரமமாக இருந்தது. துண்டுகள் கோணல்மாணலாக வந்தன. என் தட்டில் இருந்த இரண்டும் பெரிய துண்டு. ஆவி வந்துகொண்டிருந்தது. உள்ளே தேங்காய் இன்னும் ஈரமாக இருந்தது.

ஜெரி தன் பங்கை முடித்துவிட்டு என் தட்டுப் பக்கம் கையை நீட்டினான். தட்டிவிட்டேன். இரண்டையும் நானே சாப்பிட்டேன்.